தானாக நின்ற வண்டி

மார்ச் 11, செவ்வாய்

வண்டி இன்று மதியம் வீட்டுக்கு வந்தது. முதலில் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்தது, அப்புறம் பாடி கட்டும் பட்டறையில். இப்போது புது கேபின், புது பெயின்ட். முன்கண்ணாடிக்கு மேலே என்ன பெயர் எழுதட்டும் என்று பெயின்டர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்த இடம் வெறும் மஞ்சளாக இருக்கிறது.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். புது டிரைவர் சென்னியப்பன் நல்ல மாதிரியாகத் தெரிகிறார். ஏறி உட்கார்வதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டிய மனுஷர், தன் சொந்த வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டும் உள்ளேயே இருந்தார். போன மே மாதம் பெங்களூர் பாதையில் மலை இறக்கத்தில் இந்த வண்டி கவிழ்ந்தது. ஓட்டியவர் அவர். செத்தவன் துணைக்குக் கூடப் போன என் தம்பி நவநீதன். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அவருடைய லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த டைரி டயர் கடையில் கொடுத்தது. வண்டி எந்தத் தேதியில் எங்கே போகிறது என்று இனி நான்தான் எழுதி வைக்க வேண்டும். அதற்காக எடுத்தேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கு வந்த முட்டையில் உடைசல் அதிகம். இறக்கியவனிடம் சண்டை போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சிமெண்ட் லோடு, ஓசூர். விடியும் முன் கிளம்பியது.

மார்ச் 19, புதன்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் நேரம் சென்னியப்பன் போன் செய்தார்.

"அக்கா, வண்டி தானா நின்னுருச்சுங்க. மேடு ஏறிட்டு இருக்கறப்பவே இஞ்சின் கப்புனு ஆஃப் ஆயிருச்சு. டீசல் இருக்குது, எல்லாம் இருக்குது. சாவியத் திருகுனா சுத்துது, புடிக்க மாட்டீங்குது."

"ஓரமாத்தான நிக்கறீங்க?"

"ஓரந்தானுங்க. கல்லு வெச்சிருக்கேன்."

மெக்கானிக்கை எங்கே தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கூப்பிட்டார். ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறதாம்.

எங்கோ நிறுத்திப் படுத்துத் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் டிரைவர்கள் சொல்லும் காரணங்களை எவ்வளவோ கேட்டாகிவிட்டது.

மார்ச் 22, சனி

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அன்வர் பாய் பட்டறையில் காட்டச் சொன்னேன். அவர் லாரி எலக்ட்ரீசியன், என் வீட்டுக்காரருக்குப் பழைய பழக்கம். ஒரு சென்சாரை மாற்றி, ஒயர்களைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். "இனிமே நிக்காதுக்கா" என்றார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"வண்டி எதுக்குப் பட்டறைக்குப் போச்சு?"

ரொம்ப மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி. வழியில் நின்றுவிட்டது என்றேன்.

"நின்னுருச்சா? எப்படி நின்னுச்சு?"

"எனக்கென்னங்க தெரியும். சென்னியப்பனக் கேளுங்க."

தட்டில் சோறு போட்டு வழக்கம்போல் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தேன். தொடவில்லை. நாய்க்குப் போட்டேன்.

விபத்தைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. போலீசில் "நான்தான் ஓட்டினேன், வளைவில் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். ஏன் முடியவில்லை என்று எழுதவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து வண்டியில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? தூங்கியிருப்பார் என்றார்கள். குடித்திருப்பார் என்றார்கள். பக்கத்து டீக்கடைக்காரர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, லுங்கி பனியனோடு, காலில் செருப்பு இல்லாமல், நவநீதனை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாராம். இறக்கத்தில் வண்டி ஓட்டுகிறவன் இருக்கிற கோலமா அது என்று சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அம்மா கேட்டாள். ரத்தத்தில் சாராயம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் நம்பவில்லை.

நான் நம்பினேனா இல்லையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

சென்னியப்பன் சாவியைக் கொண்டுவந்து டேபிளில் வைத்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

"இந்தத் தடவ இறக்கத்துலக்கா. கியர் மாத்தறதுக்குக் கிளட்ச் மிதிச்சேன், அந்த நேரம் பாத்து இஞ்சின் செத்துருச்சு. ஸ்டீரிங் இரும்பாட்டம் ஆயிருச்சு. திருப்பறேன், திரும்ப மாட்டீங்குது. முன்னாடி பள்ளம்."

"அப்புறம்?"

"கிளட்ச்ச வுட்டுட்டேன். வுட்டா சக்கரம் ஓடற ஓட்டத்துல இஞ்சினும் சேந்து சுத்தும், ஸ்டீரிங் கொஞ்சம் இளகும். பழகுன கைக்கு அது தானா வந்துரும், யோசிக்கவே வேண்டாம். ஒடிச்சுக் கொண்டுபோய் மண்ணுமேட்டுல உரசி நிறுத்துனேன். என்னை மன்னிச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த வண்டிதான அக்கா போன வருஷம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தன் அறை வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபடி திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சுண்டல் வேகவில்லை. பழைய சரக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அன்வர் பாய் வண்டியைக் கட்டி இழுத்துப் போய் வைத்திருந்தார். இன்று வரச் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது பின்னால் இவர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். கூடவே வந்தார். பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால்.

பாய் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "வாங்க நாரிண்ணே" என்றார். அர்த்தநாரி என்ற பேரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறவர் இப்போது அவர் ஒருவர்தான்.

"நான்தான்ணே தப்பாப் பாத்துட்டேன். சென்சாரும் இல்ல, ஒயரும் இல்ல. எனக்குக் கம்ப்யூட்டர் மேல சந்தேகம்."

இஞ்சின் பக்கவாட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த அலுமினியப் பெட்டியைக் காட்டினார். சாப்பாட்டு டப்பா அளவுதான். இஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று சொல்வது அதுதானாம். வண்டி பழசாகிவிட்டதால் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும். சூடு ஏறினால் பெட்டி மயங்கிவிடும், ஆறினால் முழித்துக்கொள்ளும் என்றார்.

"இப்பப் பாருங்க."

இஞ்சினை ஓடவிட்டு, பெயின்டைக் காயவைக்கும் சூட்டுக்காற்று மிஷினை அந்தப் பெட்டிக்கு நேராகப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பட்டறை ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். சட்டென்று இஞ்சின் நின்றது. இருமல் இல்லை, உதறல் இல்லை. யாரோ வாயைப் பொத்திய மாதிரி.

பாய் டேபிள் ஃபேனை இழுத்துவந்து பெட்டியை ஆறவைத்தார். சாவியைத் திருகியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"இன்னொருக்காப் பண்ணுங்க பாய்" என்றார் இவர்.

மறுபடி சூடு. மறுபடி நின்றது.

"இன்னொருக்கா."

"போதும்ணே. பெட்டி ஒரேயடியாப் போயிரும்."

"நிக்கறதுக்கு முன்னாடி ஓட்டறவனுக்குத் தெரியுமா? லைட்டு கீட்டு எரியுமா?"

"ஒண்ணும் எரியாதுண்ணே. திடீர்னுதான்."

"எத்தனை நாளா இப்படி இருந்திருக்கும்?"

பாய் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சொல்ல முடியாதுங்க. மொதல்ல எப்பவோ ஒருக்கா நிக்கும். அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட இருக்கலாம்."

இவர் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 5, சனி

விடிந்ததும் எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது. அவர் தூங்கவில்லை. குடிக்கவில்லை. வண்டி நின்றிருக்கிறது. சோற்றை ஸ்டூல் மேல் வைக்காமல் நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு வண்டி நின்னுபோச்சுன்னு போலீஸ்ல ஏனுங்க சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். பழி நீங்கிய மனுஷனின் முகமாக அது இல்லை.

சென்னியப்பன் சொன்னது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பழகிய கைக்குத் தானாக வரும் என்று. இவர் கை பழகாத கையா?

ஏப்ரல் 9, புதன்

எங்கள் வண்டிக்குப் புதுப் பெட்டி இப்போது வருவதில்லையாம், அந்த மாடலே நின்றுவிட்டது. பாய் நாமக்கல், சேலம் காயலாங்கடைகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதே மாடலில் உடைத்த வண்டி ஏதாவது வந்தால் அதிலிருந்து கழற்றி, நம் வண்டிக்குத் தகுந்த விவரங்களை ஏற்றி மாட்ட வேண்டும். சும்மா மாட்டினால் ஓடாதாம்.

இவர் இரண்டு நாளாக நவநீதன் படம் மாட்டியிருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை மாதமாக அந்தப் பக்கமே போகாதவர்.

ஏப்ரல் 12, சனி

மதியம் கரண்ட் இல்லை. கொல்லையில் துணி காயப் போட்டுவிட்டு வேம்பின் நிழலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அரசி, வண்டிய நான் ஓட்டல."

எனக்குப் புரியவில்லை. "எந்த வண்டிய?" என்றேன்.

"அவன்தான் ஓட்டுனான்."

நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் முழுவதையும் ஒரே மூச்சாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நிறுத்துவார், கல்லை எடுத்து மண்ணில் கீறுவார், மறுபடி சொல்வார்.

"எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. 'மாமா, ரோடு காலியா இருக்குது, செத்த நேரம் நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்'ன்னான். வேண்டாம்டா, உன்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்குதுன்னேன். 'அடுத்த மாசம் எனக்குப் பெரிய வண்டி டெஸ்ட்டு, பழக வேண்டாமா?'ன்னு சிரிக்கறான். குடுத்துட்டேன். பின்னாடி பெர்த்துல படுத்தேன். சட்டையக் கழட்டிட்டுப் படுத்தவன் அப்படியே தூங்கிட்டேன்.

"முழிச்சப்ப வண்டி சாஞ்சு கெடக்குது. கண்ணாடிய ஒதைச்சு அவன வெளிய இழுத்தேன். பேச்சு இருந்துச்சு புள்ள. நெனவோடதான் இருந்தான். என் கையப் புடிச்சுக்கிட்டு, 'மாமா, வண்டி தானா நின்னுருச்சு மாமா'ன்னான்."

பக்கத்து வீட்டில் யாரோ மிக்சியைப் போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று முணுமுணுத்தார்கள். அவர் அந்தச் சத்தம் அடங்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார்.

"நான் நம்பல. ஓடற வண்டி எப்படித் தானா நிக்கும்? 'தூங்கிப்போட்டுப் பொய் சொல்றயாடா நாயே'ன்னு கேட்டேன். 'இல்ல மாமா'ன்னான். அவ்வளவுதான். அப்புறம் பேசல."

"அவன் காதுல கடைசியா விழுந்தது அதுதான் அரசி."

பிறகு, ஏன் தான் ஓட்டியதாகச் சொன்னார் என்பதையும் சொன்னார். லைசென்ஸ் இல்லாத பையன் தூங்கிப்போய் வண்டியைக் கவிழ்த்தான் என்று என் அம்மா காலம் பூராவும் கேட்கக்கூடாது என்று நினைத்தாராம். செத்தவனுக்குக் கெட்ட பேர் எதற்கு, தன் தலையோடு போகட்டும் என்று.

"ஆனா உள்ளுக்குள்ள அவன் மேல கோவந்தான். ஒரு வருசமா மனசுக்குள்ள அவனத் திட்டிட்டே இருந்தேன். உன்னால எம்பொண்டாட்டி என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாடான்னு திட்டுவேன். அவன் நெசத்தச் சொல்லிட்டுச் செத்திருக்கறான்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நவநீதன் என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். அவனுக்கு முதல் சட்டை தைத்தது நான். இவரை லாரியில் ஏற்றி விடும்போதெல்லாம், "அவனப் பாத்துக்கோங்க" என்றுதான் சொல்வேன்.

எனக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்தேன். பாதிக்கு மேல் ஈரம். ஈரத்தோடு மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இருவரும் பேசவில்லை. முன்பு பேசாமல் இருந்ததைப்போல் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மகுடஞ்சாவடிப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனேன். "வண்டி நின்ன விஷயத்த வேணும்னா சொல்லு. அவன் ஓட்டுனத மட்டும் சொல்லாத" என்று இவர் சொல்லி அனுப்பினார்.

பண்டிகை நாளிலும் அம்மா தறி வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கை நிற்கவே இல்லை.

"கம்ப்யூட்டரா? லாரிக்குள்ள ஏதுடி கம்ப்யூட்டர்?"

"இருக்குதும்மா. நான் கண்ணால பாத்தேன். சூடாகி நின்னுபோகுது. இவரு தூங்கலம்மா."

"ஒரு வருசம் உக்காந்து யோசிச்சு இதைத்தான் கண்டுபுடிச்சானா உம்புருசன்? வாயில்லாத வண்டி மேல பழியப் போடறான். அத நீ வந்து என்கிட்டச் சொல்ற."

"அம்மா…"

"இப்ப வண்டி மேல சொல்லுவான். நாளைக்கு எம்பையன்தான் ஓட்டுனான்னு சொன்னாலும் சொல்லுவான். அவன் வாய் செத்துப்போச்சுல்ல, என்ன வேணா சொல்லலாம்."

நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே, "சாப்டுட்டுப் போ" என்றாள். பருப்பும் பாயசமும் இருந்தது. சாப்பிட்டேன். அந்த வீட்டில் நவநீதனின் சட்டை ஒன்று இன்னும் ஆணியில் தொங்குகிறது.

இவர் வாசலிலேயே காத்திருந்தார். "சொன்னயா?" என்றார். சொன்னேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பெட்டி கிடைத்துவிட்டது. எங்கோ ஆந்திரா பக்கம் உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது. அன்வர் பாய் லேப்டாப்பில் கேபிளைச் செருகி எங்கள் வண்டியின் விவரங்களை ஏற்றினார். முதல் முறை பாதியிலேயே நின்றது. பேட்டரியை மாற்றி மறுபடி ஏற்றினார். பிறகு நாலு போல்ட், இரண்டு சாக்கெட். அவ்வளவுதான் வேலை.

அதே சூட்டுக்காற்று மிஷினைப் பிடித்தார். இஞ்சின் நிற்கவில்லை. வெகுநேரம் பிடித்தும் நிற்கவில்லை. சென்னியப்பனைக் கெஞ்சி வரவழைத்திருந்தேன். சிமெண்ட் ஏற்றிய வண்டியை மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினார். திரும்பி வந்து இறங்கியபோது சிரித்தார். "இப்பக் கழுத மாதிரி இழுக்குதுங்க" என்றார்.

இவர் பானட்டில் கை வைத்தபடி நின்றார். இந்த வேலையைப் போன வருஷமே செய்திருந்தால் என்று அங்கே நின்ற ஒருவரும் சொல்லவில்லை. பாய் பழைய பெட்டியை எடுத்துப்போகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். கழிவு இரும்போடு போட்டுவிட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். பெட்டி விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை வெச்சு வாதாடலாம். மெக்கானிக்கைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனா ஒண்ணு. இத்தனை வருஷ அனுபவம் இருக்கறவர் ஏன் சமாளிக்கலைன்னு கேப்பாங்க. அப்ப எல்லாத்தையும் புரட்டுவாங்க. பையனோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல நெஞ்சுல ஸ்டீரிங் அழுத்தின மாதிரி காயம்னு இருக்கு. அரசு வக்கீல் இதுவரைக்கும் அதைக் கவனிக்கலை." கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். "சொல்லுங்க. யாரு ஓட்டினது?"

"நான்தானுங்க."

"என்கிட்ட உண்மையைச் சொன்னாத்தான் நான் உதவ முடியும். பையன் ஓட்டியிருந்தா அது வேற கேஸ். லைசென்ஸ் இல்லாத ஆள்கிட்ட வண்டியைக் கொடுத்தது உங்க தப்பு. கவுத்தது அவன் தப்புன்னு முடிப்பாங்க. இஞ்சின்தான் காரணம்னு கோர்ட் ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். ஆனா அவன் பேரு கட்டாயம் வரும்."

"நான்தானுங்க ஓட்டுனேன்."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. அப்படின்னா இஞ்சின் கதையத் தொடாம இருக்கறது நல்லது. குத்தத்தை ஒத்துக்கிட்டா அபராதத்தோட விடலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று முழுக்கச் சண்டை. ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசிவிட்டோம்.

"அவன் தூங்கலைன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா? அவன் பொய் சொல்லலைன்னு?"

"அவன் ஓட்டுனதே ஊருக்குத் தெரியாது. அப்புறம் தூங்குனானா தூங்கலையான்னு யாரு கேக்கப்போறா? வாயத் தொறந்தா, லைசென்ஸ் இல்லாத பையன் கவுத்துட்டான்னுதான் பேசுவாங்க. பொட்டி கிட்டி எல்லாம் யாருக்கும் புரியாது. உங்கம்மாளுக்குப் புரிஞ்சுதா?"

"நீங்க செய்யாததுக்கு நீங்க எதுக்குங்க போகணும்?"

"செய்யாமயா? சாவியக் குடுத்தது நானு. அவன் கையப் புடிச்சுட்டு உசுருக்குப் போராடறப்ப நாயேன்னது நானு."

"நீங்க ஜெயிலுக்குப் போனா அவனுக்கு அது ஆறிருமா?"

"அவனுக்கெங்க ஆறும். நான் தூங்கோணும் புள்ள" என்றார்.

சரி என்று நான் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. அவருடைய இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் துவைத்து, கஞ்சி போட்டு வைத்தேன்.

மே 2, வெள்ளி

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. பாத்திரங்களை எண்ணி அறையில் பூட்டினேன். சாவியைத் தலைமை ஆசிரியர் வீட்டில் கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

சாப்பாடு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கோர்ட் வாசலில் அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் கும்பிட்டார்.

பேர் கூப்பிட மதியம் ஆகிவிட்டது. கூண்டில் ஏறிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நீதிபதி இளவயதுக்காரர்.

"குத்தத்த ஒத்துக்கறீங்களா? யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?"

"இல்லீங்க ஐயா. ஒத்துக்கறேனுங்க. என் கவனக்குறைவுதானுங்க."

"எப்படி ஆச்சு? தூங்கிட்டீங்களா?"

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. தூங்கிட்டேனுங்க" என்றார்.

அம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றால் போதும், கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று தெரியும். நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு மாதம். மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீலம்மா சொன்னார். இவர் தலையாட்டி மறுத்துவிட்டார். போலீஸ்காரர் கூட்டிப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வெயில் தாழப் போ" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ஒத்துக்கிட்டான் பாத்தியா. எம்பையன் சாவுக்கு ஒரு நாயம் கெடச்சிருச்சு."

"ஆமாம்மா" என்றேன்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஊருக்குப் போகவில்லை, என்னோடு இங்கேயே இறங்கினாள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. இன்று முகம் கழுவி, நவநீதன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பசிக்கிறது என்றாள். சோறு வடித்து ரசம் வைத்தேன். அவளுக்குப் பரிமாறும்போது சென்னியப்பன் கூப்பிட்டார். லோடு இறக்கியாகிவிட்டது, வண்டி எங்கேயும் நிற்கவில்லை, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

"இன்னைக்குத்தான் சோறு உள்ள எறங்குது கண்ணு" என்றாள் அம்மா. இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள்.

ஊற்றினேன்.